ஷ்யாமளா ஒப்புக்கொள்ளாத அம்மா

திலக் நகரில் ஷ்யாமளாவைத் தெரிந்த யாரும் அவள் அழுது பார்த்ததில்லை. ஃபோர்ட்டில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பத்து நாலு வருஷம் தீ விபத்து க்ளைம்களைப் பரிசோதித்தவள். கிடங்கே எரிந்துபோச்சு என்று வயிற்றில் அடித்துக்கொண்டு வருகிறவர்களிடம், எரிந்ததற்குச் சாம்பல் எங்கே என்று கேட்பது அவள் உத்தியோகம். அழுகை பெரிதாக இருந்தால் ஃபைலை இன்னும் நிதானமாகப் படிப்பாள். ரிட்டையராகி ஆறு வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை.

அப்படிப்பட்டவளிடம்தான் மகன் அஷ்வத், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவளைப் பற்றியே எடுத்த அனிமேஷன் படத்தைக் கொண்டுவந்தான். தாணேயில் நண்பன் பைசானோடு சேர்ந்து சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தான். அதுவரை பற்பசை விளம்பரத்துக்கும் குழந்தைப் பாட்டுக்கும் பொம்மைகளை ஆடவிட்டுப் பிழைத்தவர்கள். இரண்டு வருஷம் உழைத்து எடுத்த இந்த எட்டு நிமிடம்தான் முதல் சொந்தப் படம். ஒரு விழாவில் உண்மை வாழ்க்கைக் கதைகளுக்கான போட்டிக்கு அனுப்ப வேண்டும். படத்தின் கடைசியில் அம்மாவின் பெயரும் போட்டோவும் வரும். அதற்கு அவள், இது என் கதைதான், காட்டியிருப்பது நடந்ததுதான் என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். கெடு மூன்று வாரம். தாளையும் பேனாவையும் டீப்பாயில் வைத்துவிட்டு, அஷ்வத் டிவியில் படத்தைப் போட்டான்.

படத்து அம்மாவுக்கு எலுமிச்சம்பழ அளவில் கண்கள். அதில் எந்நேரமும் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. கடைசி தோசையை மகன் தட்டில் போட்டுவிட்டுத் தான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்தாள். மகனுக்கு ஜுரம் வந்தபோது ஈரத்துணியோடு பக்கத்திலேயே கிடந்தாள். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தாள். எது நடந்தாலும் சிரித்தாள். பின்னால் ஒரு வயலின் இழுத்துக்கொண்டே இருந்தது. சுவரில் மாலை போட்ட போட்டோ ஒன்று தொங்கியது. உற்றுப் பார்த்தால் அது ஷ்யாமளாவின் கணவர் கிட்டு.

கிட்டு அப்போதுதான் அடுக்களையிலிருந்து மூன்று டம்ளர் காபியோடு வெளியே வந்தார்.

"எனக்கு மாலை போட்டாச்சா? எந்த வருஷம்டா போனேன்?"

"கதைக்காகப்பா. அம்மா தனியா வளர்த்தான்னாதான் ஆடியன்ஸ் கனெக்ட் ஆவா."

"பேஷ். மூக்கு நன்னா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு அவரும் உட்கார்ந்து பார்த்தார்.

கிட்டு மாதுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் காலை ஷிஃப்ட் வாத்தியாராக இருந்தவர். மத்தியானம் ஒரு மணிக்கு வீடு திரும்பி, இருபத்தைந்து வருஷம் இந்த வீட்டில் சமைத்ததும் அவர்தான். ஷ்யாமளா வார்த்த தோசையைச் சாப்பிட்டவர்கள் யாராவது உண்டா என்பதே சந்தேகம். அவள் காலை எட்டு மணிக்கெல்லாம் ஹார்பர் லைன் ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

படம் முடிந்தது. அஷ்வத்தின் கண்கள் கலங்கியிருந்தன. தான் எடுத்த படத்துக்குத் தானே அழுகிறவனை ஷ்யாமளா அருவருப்போடு பார்த்தாள். பிறகு ரிமோட்டைக் கேட்டு வாங்கி, படத்தை முதலிலிருந்து ஓடவிட்டாள். அம்மா உருகிவிட்டாள், திரும்பப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று அஷ்வத் நினைத்தான். அவள் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு, பழைய கவர் ஒன்றின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். திலக் நகரில் மண்ணெண்ணெய் விளக்கு எங்கே இருந்து வந்தது? இந்த ஊரில் ஒரு மணி நேரம் கரண்ட் போனால் ஒரு வாரம் பேசுவார்கள். பசியோடு அவள் ஒரு நாளும் படுத்ததில்லை, அந்தத் தண்ணீர் டம்ளர் யாருடையது? பையனுக்கு டைஃபாய்டு வந்த வாரம் அவள் பிவண்டியில் எரிந்த கிடங்கை அளந்துகொண்டிருந்தாள். ஈரத்துணி போட்டவர் இதோ, சுவரில் மாலையோடு தொங்குகிறார். ஒவ்வொன்றுக்கும் அஷ்வத் ஒரே பதிலைச் சொன்னான். அதெல்லாம் சிம்பல், ஃபீலிங்தான் உண்மை.

"அந்தப் பிவண்டிக்காரன் எரியாத நூறு மூட்டைக்கு க்ளைம் போட்டான். சிம்பல்னு சொல்ல அவனுக்குத் தோணலை, பாவம்" என்றாள் ஷ்யாமளா.

அஷ்வத்துக்கு முகம் சிவந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் அழுகிறார்கள் என்றான். எடிட்டிங் முடிந்த அன்று பைசான் ஊரிலிருக்கும் தன் அம்மாவுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசினானாம். வருஷக்கணக்கில் சரியாகப் பேசாதவன். ஒரு கார்ட்டூன் அதைச் செய்கிறது என்றால் அது பொய்யா?

"அப்போ பைசானோட அம்மாவே கையெழுத்து போடட்டும்."

"உன்னைக் கௌரவப்படுத்தத்தானேம்மா பண்ணினேன்."

"என்னைன்னு யாரு சொன்னா? இவ யாரோ."

அவளுக்கு இரக்கமில்லை என்று சொல்ல முடியாது. கையெழுத்து இல்லாவிட்டால் மகனின் இரண்டு வருஷ உழைப்பு பெட்டிக்குள் போகும் என்பது தெரியும். ஆனால் போட்டுவிட்டால், இந்த எலுமிச்சங்கண்ணிதான் ஷ்யாமளா என்று ஆகிவிடும். கிடங்குச் சாம்பலில் செருப்புக்காலோடு நடந்த இன்னொருத்தியை அப்புறம் யாரும் தேட மாட்டார்கள். பெற்ற மகனே தேடவில்லையே. அம்மா என்றதும் கைக்கு எது வந்ததோ அதை வரைந்துவிட்டான், ஊரில் எல்லாரும் வரைவதை.

விளக்கடியில் பாடம் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் படத்தை நிறுத்தினாள். அதில் பையன் பத்தாவது படிக்கிறான், அம்மா புன்னகை செய்கிறாள்.

"இந்த வருஷம் நான் சிரிக்கலை" என்றாள்.

"தெரியும். நீ அப்போ பேசவே இல்லையே. அதை எப்படிப் படத்துல போடறது? எதுக்குன்னுகூட எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

ஷ்யாமளா பேனாவை மூடினாள். "ஸ்கூலுக்கு மூணு லீவ் லெட்டர். உங்கப்பா கையெழுத்து. அவர் கடைசிக் கோட்டை மேல தூக்குவார். நீ கீழ இழுத்திருந்தே."

அம்மாவுக்கு அது தெரியும் என்பது அஷ்வத்துக்கு இப்போதுதான் தெரிந்தது. கிட்டுவுக்கும் இது புதுச் சேதி. "என் கையெழுத்தையா? நன்னா போட்டிருந்தானா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றாள்.

பிறகு, க்ளைம் ரிப்போர்ட் படிக்கிற குரலில், மீதியையும் சொன்னாள். அந்த லெட்டர்கள் கண்ணில் பட்ட வாரம்தான் அவளுக்கு நாக்பூர் கிளைக்கு மேனேஜராக ஆர்டர் வந்திருந்தது. சமையலுக்குக் கிட்டு இருந்தார், அவள் போயிருக்கலாம். ஆனால் பையன் எதைச் சொன்னாலும் நம்புகிற மனுஷர் அவர். பொய்யைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவள் வீட்டில் அவள் ஒருத்திதான். பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். அவளுக்கு ஜூனியரான சுப்ரமணியன் போனான். நாலு வருஷம் கழித்து அவளுக்கே மேலதிகாரியாகத் திரும்பி வந்தான். ரிட்டையர் ஆகிற வரை அவன் மேஜைக்கு அவள்தான் ஃபைல் எடுத்துக்கொண்டு போனாள். அவனுக்கு ஒரு கடிதம் ஒழுங்காக எழுத வராது.

"என்னை அப்பவே கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டா அழுவே. அழறவாளைத்தான் நாள் முழுக்க ஆபீஸ்ல பாக்கறேனே, வீட்டுலயும் எதுக்கு?"

அஷ்வத் எழுந்து அவள் கையைப் பிடிக்க வந்தான். "எனக்காகவாம்மா..."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். "சிரிச்சுண்டே விட்டுக்கொடுக்கலை. கோபமா விட்டுக்கொடுத்தேன். உன் மேல இருந்த அந்தக் கோபம் இன்னும் முழுசாப் போகலை. அதைப் போடு படத்துல, கையெழுத்து போடறேன்."

அவன் காபியைத் தொடாமல் போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. அந்த வருஷம் சாயங்காலங்களில் அவள் எங்கே உட்கார்ந்திருப்பாள் என்று கேட்டான். சாப்பாட்டு மேஜையில், அவனுக்கு எதிரே, ஆறரையிலிருந்து ஒன்பது வரை. கைகளை என்ன செய்வாள்? ஒன்றும் செய்யமாட்டாள். ஆபீஸ் கைப்பை மடியிலேயே இருக்கும், அதை இறக்கி வைக்கக்கூடத் தோன்றாது. அதற்கப்புறம் தினமும் கேட்டான். அவள் தினமும் அளந்து பதில் சொன்னாள். விளக்கும் வயலினும் போய்விட்டன. கிட்டு சுவரிலிருந்து இறங்கிக் கரண்டியைக் கையில் எடுத்தார். இனி ஒருத்தரும் அழமாட்டார்கள் என்று பைசான் சண்டை போட்டானாம். அழவேண்டாம் என்று இவன் சொன்னானாம்.

கெடுவுக்கு முந்தின நாள் படத்தை எடுத்து வந்தான். ஒன்றரை நிமிடத்துக்கு அதில் எதுவுமே நடக்கவில்லை. பையன் பக்கத்தைப் புரட்டுகிறான். எதிரே சின்னக் கண்களோடு ஒரு பொம்பளை, மடியில் பையோடு, இப்போதே எழுந்து எங்கேயோ போகப்போகிறவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். போகவில்லை. அவ்வளவுதான். ஷ்யாமளா இரண்டு தடவை பார்த்தாள்.

"பை கறுப்பு. நீ பிரவுன் போட்டிருக்கே" என்றாள். அங்கேயே லேப்டாப்பைத் திறந்து அவன் மாற்றிக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

பரிசு எதுவும் கிடைக்கவில்லை. செம்பூரில் ஒரு தமிழ்ச் சங்கத்து ஹாலில் ஒரு நாள் படத்தைப் போட்டார்கள். யாரும் கர்சீஃப்பை எடுக்கவில்லை. இரண்டு பேர் நடுவிலேயே எழுந்து டீ குடிக்கப் போனார்கள். முடிந்ததும், கீழ்வீட்டு விஜயலக்ஷ்மி ஷ்யாமளாவின் தோளைத் தடவினாள். நல்லதாக நாலு காட்டியிருக்கலாம், பெற்ற தாயை இப்படிக் கடுகடு என்று காட்ட அவனுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ என்று அங்கலாய்த்தாள். காகிதமில்லாமல் க்ளைம் கேட்டு வந்தவளைப் பார்ப்பதுபோல் ஷ்யாமளா அவளைப் பார்த்தாள்.

பதில் அஷ்வத்திடமிருந்து வந்தது. "இதைவிடக் கடுகடுன்னுதான் இருந்தா மாமி. எனக்குத்தான் அவ்வளவு வரையத் தெரியலை."