கிளிபோட்டுக்குக் கிடைத்த டெனிஷ்காரர்

கிளிபோட்டால் ஒரு கதிரையில் கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் இருக்க முடியாது. ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் அவனும் மனைவி ஜெனாட்டும் வாடகைக்கு இருந்த வீட்டின் பேஸ்மென்ட்டில் மூன்று கணினிகள் எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கும். ஒன்றில் ஏதோ ஒரு புது இயங்குதளம் ஏறிக்கொண்டிருக்கும். இன்னொன்றில் அவன் எழுதத் தொடங்கி நடுவில் விட்ட விளையாட்டு, விட்ட இடத்திலேயே நிற்கும். மூன்றாவது மூடி கழற்றியபடி மேசையில் கிடக்கும். நல்லாக ஓடுகிற ஒன்றைக் கண்டால் அதைக் கழற்றிப் பார்க்காமல் அவனால் இருக்க ஏலாது.

சின்ன வயதிலேயே தாய் தகப்பனோடு டென்மார்க்குக்குப் போனவன். ஹேர்னிங் என்ற ஊரில் குடியிருந்தபோது, பக்கத்து வீட்டு மனுசி தன் மகன் கைவிட்ட பழைய கொமடோர் கணினியையும் ஒரு கட்டுச் சஞ்சிகைகளையும் கொடுத்தாள். சஞ்சிகையில் அச்சடித்திருந்த விளையாட்டு நிரல்களை அவன் வரிவரியாகத் தட்டினான். ஓரெழுத்துப் பிழைத்தாலும் ஓடாது. ஏன் ஓடவில்லை என்று அறியப் பக்கத்தில் இருந்த டெனிஷ் விளக்கத்தை எழுத்துக் கூட்டி வாசித்தான். பள்ளிக்கூடம் படிப்பித்ததைவிட அது கூடப் படிப்பித்தது. அதனால் கணினியும் விளையாட்டும் டெனிஷும் அவனுக்குள் ஒன்றாகவே இறங்கின. சாப்பிடவும் சண்டை பிடிக்கவும் தமிழ், சம்பளத்துக்கு ஆங்கிலம், யோசிக்க டெனிஷ்.

ஜெனாட்டைக் கட்டி ரொறன்ரோவுக்கு வந்த பிறகு அந்த யோசனைகளைச் சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது. கொண்டாட்ட வீடுகளில் ஜெனாட்டின் பெரியப்பா அமிர்தநாதர், "தம்பி, டென்மார்க்கிலை என்ன பாஷை? ஜேர்மனோ?" என்று ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பார். கிளிபோட் உற்சாகமாகத் தொடங்குவான். அந்த மொழிக்காரர் சொல்லின் பாதியை விழுங்கிவிடுவார்கள், ஐம்பது என்பதை இரண்டரை இருபது என்று பிரித்துத்தான் சொல்லுவார்கள் என்று சொல்லிக்கொண்டு போகையில் பெரியப்பா மட்டன் ரோல் எடுக்க எழும்பிவிடுவார்.

இடைக்கிடை டென்மார்க்கில் வேலை தேடுவான். அங்கே விற்பனைக்கு இருக்கும் வீடுகளின் படங்களை ஜெனாட்டுக்குக் காட்டுவான்.

"அங்கை இருக்கேக்கை கனடா எண்டு நிண்டியள். இப்ப அங்கை எண்டுறியள்," என்பாள் அவள்.

ஜெனாட் அஜின்கோர்ட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தாள். ஒரு பனிக்காலப் பின்னேரம் வேலையால் வந்தவள், ஜக்கெட்டைக்கூடக் கழற்றாமல் பேஸ்மென்ட் படியில் நின்று கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, கொம்பியூட்டர் குழப்பினால் ஒண்டு சொல்லுவியளே, 'ஃபொ பொகர்' எண்டு. அது டெனிஷோ?"

"ஓம். ஒரு சின்ன வசவு. ஏன்?"

"எங்கட இடத்துக்குப் புதுசா ஒரு கிழவர் வந்திருக்கிறார். நாள் முழுக்க அதைத்தான் சொல்லுறார். ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்கேல்லை. அவர் சும்மா உறுமுறார் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம்."

கிழவரின் பெயர் ஸ்வெண்ட். இளம் வயதில் கனடாவுக்கு வந்து, வீடுகளுக்கு மின்சார வயர் இழுத்துச் சீவித்தவர். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபோது, அத்தனை வருசமாகப் பேசிய ஆங்கிலமும் போய்விட்டது. எஞ்சியது தாய் மொழி மட்டும். மகள் தொலைவில், அல்பேர்ட்டா மாகாணத்தில். அவளுக்கு டெனிஷ் தெரியாது.

சனிக்கிழமை கிளிபோட் போனான். வாசலில் நின்று, தான் ஹேர்னிங்கில் வளர்ந்தவன் என்று டெனிஷில் சொன்னான். கிழவர் அவனுடைய கறுத்த முகத்தைக் கனநேரம் பார்த்தார்.

"ஹேர்னிங்கோ?" என்று கடைசியில் டெனிஷிலேயே கேட்டார். "அங்கே எப்பவும் காற்றுத்தானே."

அன்று வீட்டுக்கு வந்தவன் சாப்பிட இருக்கவில்லை. குசினியிலே குறுக்கும் நெடுக்கும் நடந்தான். கிழவர் தண்ணீர் கேட்க, விளங்காமல் போர்வையைக் கொண்டுவந்து மூடினார்களாம். முதுகு நோகிறது என்றதற்கு ரீவியைப் போட்டுவிட்டார்களாம். "இதுக்கு ஒரு வழி செய்யலாம். லேசான வேலை," என்றபடி கீழே இறங்கினான்.

ஒரு பழைய டப்லெட் கணினியில் பெரிய படங்களை வைத்தான். தாதிமார் படத்தை அமத்தினால் அவனுடைய குரல் டெனிஷில் கேட்கும்: தண்ணீர் வேணுமோ, குளிருதோ, எங்கே நோகுது. கிழவருக்கு அது பிடிக்கவில்லை. அதற்குள் இருந்து கேட்ட குரலுக்கு மறுமொழி சொன்னார், பிறகு அதனிடம் ஏதோ கேட்டார். அது திரும்பவும் தண்ணீர் வேணுமோ என்றது. கிழவர் நல்ல கையால் டப்லெட்டைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார்.

கிளிபோட் குரலை மாற்றினான், நிறத்தை மாற்றினான், படங்களைப் பெரிதாக்கினான். சம்பளம் தரும் வேலையில் அவன் முடிக்க வேண்டியவை பின்னால் நின்றன.

"அவருக்கு மெசின் வேண்டாம். நீங்கள் போய்க் கொஞ்சநேரம் இருங்கோ, காணும்," என்றாள் ஜெனாட்.

போய் இருப்பதுதான் அவனுக்கு வில்லங்கமாக இருந்தது. கிழவர் லூடோ விளையாடக் கேட்பார். தாயக்கட்டையைக் கைக்குள் வைத்துக்கொண்டு பழைய கதை எதையாவது தொடங்கி, கதை முடிந்த பிறகுதான் உருட்டுவார். காயைக் கள்ளமாக ஒரு கட்டம் தள்ளியும் வைப்பார். கிளிபோட்டுக்குப் பொறுமை அறும். ஒரு கட்டத்தைத் தாண்டக் காற்பங்கு செக்கனும் ஆகாத விளையாட்டுகளில் வளர்ந்தவன் அவன். ஆனால் அந்தக் கதைகளின் சொற்களுக்காகவே போனான். யாரோ தன்னுடைய மூளைக்குள் இருக்கிற மொழியில் வெளியே நின்று பேசுவதைக் கேட்க ஆசையாக இருந்தது.

பங்குனியில் ஒரு நாள் புதிதாகத் திருத்திய டப்லெட்டோடு போனான். பழையது தாதிமார் சாப்பிடும் அறையின் மேசை லாச்சியில், கையுறைப் பெட்டிகளுக்குக் கீழே சார்ஜ் இறங்கிக் கிடந்தது. எத்தனை பின்னேரங்கள் இதில் போயின. ஜெனாட்டோடு கதைக்க வேண்டுமென்று கிழவரின் அறைக்கு நடந்தான்.

உள்ளே ஜெனாட்டும் ஒரு பிலிப்பினோப் பெண்ணும் கிழவரைத் திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஃப்ரூசர் டூ?" என்று கேட்டாள் ஜெனாட். குளிருதோ என்று அர்த்தம்.

கிழவர் தலையாட்டி மறுத்து, அதே சொல்லைத் தொண்டைக்குள் உருட்டிச் சரியாகச் சொல்லிக் காட்டினார். அவள் திருப்பிச் சொன்னாள். மற்றப் பெண்ணும் சொல்லிப் பார்த்தாள். கிழவர் கோணிய வாயால் சிரித்தார்.

"எங்கை பழகினீர்?" என்று கிளிபோட் வாசலில் நின்றபடி கேட்டான்.

"உங்கட மெசினிலைதான். அவருக்கு முன்னாலை அமத்தினால் கோவம் வருது. அதாலை சாப்பிடேக்கை திருப்பித் திருப்பி அமத்திப் பாடமாக்கினனாங்கள். இப்ப அது தேவையில்லை."

அவனுக்குச் சந்தோசமா அவமானமா என்று பிரிக்கத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் படங்களையெல்லாம் அழித்தான். கிழவருக்கென்று செய்ததைத் தாதிமார் பழகுவதற்கென்று மாற்றினான். ஒரு சொல்லை மெதுவாக ஒரு தரம், டெனிஷ்காரர் விழுங்குவதுபோல் ஒரு தரம், அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் எதையும் சேர்க்கவில்லை. அவன் தொடங்கி முடித்த முதல் வேலை அது.

மகள் அல்பேர்ட்டாவிலிருந்து வந்தபோது அவளுடைய தொலைபேசியிலும் அதைப் போட்டுக் கொடுத்தான். அவள் வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்து ஒரே வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகினாள். பிறகு உள்ளே போய்த் தகப்பனின் காதருகே குனிந்து, "அப்பா, இது நான்" என்று டெனிஷில் சொன்னாள். கிழவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு கனக்கக் கதைத்தார். கிளிபோட் முடிந்தவரை ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்தான். சிலதைச் சொல்லவில்லை. அவை இன்னொருவர் வாயால் வரக் கூடாதவை போலிருந்தன.

கோடை தொடங்கும்போது ஸ்வெண்ட் இறந்துபோனார். செத்தவீட்டுக்கு ஆட்கள் குறைவு. மகள் கேட்டதால் கிளிபோட் எழும்பி, டெனிஷ் பள்ளிக்கூடத்தில் காலை வேளைகளில் சொன்ன கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொன்னான். நடுவில் ஒரு வரி மறந்துபோய் நின்றான். அங்கே இருந்தவர்களில் அதை எடுத்துக்கொடுக்கக் கூடிய ஒரே ஆள் சவப்பெட்டிக்குள் இருந்தார். அவன் அந்த வரியை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொல்லி முடித்தான்.

திரும்பி வரும்போது ஜெனாட் காரை ஓட்டினாள். கிளிபோட் கண்ணாடியை இறக்கினான், ஏற்றினான், திரும்பவும் இறக்கினான்.

"வீட்டை இப்ப போக வேண்டாமப்பா," என்றான்.

"எங்கை போக?"

"தெரியேல்லை. ஓட்டும்."

வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சந்தியில் விளக்குப் பச்சையாக இருந்தது. அவள் காரை நேரே விட்டாள்.