நோய்க்கு ஸ்டேஜ் போடும் கண்டக்டர்

டிக்கெட்டில் ஓட்டை போடும் கை நின்றுவிடும். இருமிய பயணியை ஏற இறங்கப் பார்ப்பார் பொன்னுதுரை. “அண்ணே, எங்க வேலை?” இதுதான் முதல் கேள்வி. என்ன நோய் என்பதெல்லாம் அப்புறம்.

காஜா பெராங்கிலிருந்து செங் ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஆறு வருஷமாகக் கண்டக்டர். வெள்ளைக்காரன் போய், மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து, பஸ்ஸுக்குப் புதுச் சாயம் பூசியாயிற்று. அவருடைய சட்டம் மட்டும் மாறவில்லை. “காச்சல், தலவலி எல்லாம் வீட்டு ஸ்டேஜு. வேலையில அடிபட்டா கம்பெனி ஸ்டேஜு. வெட்டுறது, தைக்கிறது கவர்மெண்டு ஸ்டேஜு. அதது அங்கங்க இறங்கிடணும் லா.” மறுத்துப் பேசுகிறவர்களுக்கு மீதிச் சில்லறை கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைக்கும்.

போன மாதம் மனைவி கமலவேணிக்கு வயிற்று வலி. வீட்டு ஸ்டேஜ் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பெருங்காயமும் வெந்நீருமாக இரண்டு நாள் ஓட்டினார். மூன்றாம் நாள் காலை அவள் சுருண்டு விழுந்ததும் மனிதருக்குக் கை கால் ஓடவில்லை. ஆனாலும் சட்டம் விடுமா? பெரியாஸ்பத்திரியில் கம்பெனிக் கடிதம் கேட்பார்களென்று, அவளைப் பக்கத்து வீட்டாரிடம் விட்டுவிட்டுக் கம்பெனிக்கு ஓடினார்.

“கம்பெனி டாக்டர் உங்களுக்கு மட்டும்தான், சம்சாரத்துக்கு இல்லையே,” என்றார் கணக்கெழுதும் கிராணி கலியாணசுந்தரம். காலில் விழாத குறையாகக் கெஞ்சி, பாதிச் செலவு முதலாளி பொறுப்பு, பாதி சம்பளத்தில் பிடித்தம் என்று ஒரு கடிதம் வாங்குவதற்குள் மத்தியானமாகிவிட்டது.

அப்புறம்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், முதல் வேலையாக அந்தக் கடிதத்தை நீட்டினார். நர்ஸ் சிவகாமசுந்தரி தொடக்கூட இல்லை. “சூராட்ட யாரு கேட்டா? ஆள ஏன் இவ்வளவு நேரம் வீட்டுல வச்சிருந்தீங்க?”

குடல்வால் வீங்கி வெடிக்கும் நிலை. ஆபரேஷன் முடிகிறவரை பொன்னுதுரை தன்னைத் தானே திட்டிக்கொண்டதைப் போல வேறு யாரும் அவரைத் திட்டியிருக்க முடியாது. ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னதும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதார். அப்படியொரு நிம்மதியை அவர் அதுவரை அறிந்ததில்லை. மூன்றாம் வகுப்பு வார்டு, சம்பளமும் குறைவு, கட்டணம் வேண்டாம் என்று விட்டார்கள்.

கமலவேணி கண் விழித்தபோது வார்டில் ஒரே புழுக்கம். முத்திரை குத்திய அந்தக் கடிதத்தால் பொன்னுதுரை அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

“இது எந்த ஸ்டேஜுங்க?” என்றாள், தையல் வலிக்கச் சிரித்தபடி.

வலது கை ஓய்ந்ததும் கடிதத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு விசிறினார்.