நான் பார்க்காத மீன் ஏலம்

இணையத்தில் எழுதுகிறவருக்குக் கம்ப்யூட்டர், கேமரா, போன் மூன்றும் வேண்டும் என்பார்கள். இரண்டாயிரத்து எட்டு வாக்கில் நான் வலைப்பூ தொடங்கியபோது என்னிடம் இருந்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. என்னைப் பத்துப் பேருக்குத் தெரியவைத்த பதிவும் என் சொந்தச் சரக்கல்ல, கேட்ட கதை. மாமல்லபுரத்தில் ஆட்டோ ஓட்டும் என் அக்கா வீட்டுக்காரர், சதுரங்கப்பட்டினத்துக்குச் சவாரி போய்வந்து, சாப்பிட்டுக்கொண்டே சொன்னது. எழுதும் வியாதி பிடித்த சக நோயாளிகளே, உங்களிடம் மறைப்பானேன்.

கரண்டு போனால்

பிரவுசிங் சென்டரில் எனக்கு வாரம் ஒரு மணி நேரம். சனிக்கிழமை காலை, ஊர் சுற்ற வந்த வெள்ளைக்காரர்கள் மெயில் பார்க்க வருவதற்கு முன். வீட்டில் நோட்டில் எழுதி, அடித்து, திருத்தி, அங்கே போய்த் தட்டச்சு செய்வேன். ஒருமுறை கடைசி வரிக்கு வரும்போது கரண்டு போய்விட்டது. அரை மணி கழித்து வந்தது. திரையில் என் கட்டுரை இல்லை. கடைக்காரர் மூர்த்தி அண்ணனிடம் அழாத குறையாகக் கேட்டேன். அவர் என் நோட்டைப் பார்த்தார்.

"கரண்டு வந்தா கம்ப்யூட்டர்தான் வரும், கட்டுரை வராது. நோட்டு பத்திரமா கீது இல்ல? குந்தி மறுபடி அடி."

படம் போடுங்கள்

வாசகர்கள் படம் கேட்டார்கள். அப்பாவிடம் இருந்த போனில் டார்ச் லைட் உண்டு, கேமரா கிடையாது. இதைச் சொல்ல வெட்கப்பட்டு, எங்கள் ஊர்க் கலங்கரை விளக்கத்தைப் பேனாவால் வரைந்து, மூர்த்தி அண்ணனிடம் கெஞ்சி ஸ்கேன் செய்து போட்டேன். கீழே எழுதவேண்டிய பெயரை எழுதவில்லை. பார்த்தாலே தெரியும் என்ற நம்பிக்கை. அடுத்த சனிக்கிழமை சிங்கப்பூரிலிருந்து ஒருவர் மனமாரப் பாராட்டியிருந்தார்.

"ஊரில் புதிதாகத் தண்ணீர்த் தொட்டி கட்டியிருக்கிறார்களா? மிக்க மகிழ்ச்சி."

நாவலூர்க் கடிதம்

படம் தோற்றதால் வர்ணனையில் இறங்கினேன். மாமா சொன்ன மீன் ஏலத்தை, நானே கரையில் நின்றதுபோல் எழுதினேன். 'காலை ஆறு மணிக்கு ஏலம் தொடங்குகிறது, என் காலடியில் வஞ்சிரம் துள்ளுகிறது' என்றெல்லாம். நாவலூரில் ஒரு இணையதளம் நடத்தும் சார் அதைப் படித்துவிட்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். தமிழில் எழுத ஆள் தேவை, மாதச் சம்பளம். ஞாயிறன்று மனைவியோடு சதுரங்கப்பட்டினம் வருகிறேன், ஏலத்தைக் காட்டுங்கள், வேலையைப் பற்றியும் பேசிவிடலாம்.

திங்களன்று வந்த கடிதத்தை நான் பார்த்தது சனிக்கிழமை. ஏலத்தைப் பற்றி விசாரிக்க நேரமில்லை. வாருங்கள் சார் என்று பதில் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். எங்கள் வீட்டில் அதுவரை எல்லாருக்கும் தினக்கூலிதான். பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், பட்டம் வாங்கி ஒரு வருஷமாகச் சும்மா இருந்த முதல் ஆளும் நான். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"எழுதறதுக்குச் சம்பளம் தராங்களா? அப்ப தலைய ஒழுங்கா பின்னிக்கினு போ."

கரையில்

சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை வாசலில் சார் காரை நிறுத்தினார். அவர் மனைவி கையில் ஐஸ் போட்ட பெட்டி. சார் கையில் என் பதிவு, தாளில் அச்செடுத்து, சில வரிகளுக்குக் கீழே கோடு போட்டு. கரைக்குப் போனோம். ஆறு மணி. எல்லாப் படகுகளும் மணலில் கிடந்தன. ஆள் நடமாட்டம் இல்லை. வலைக்குவியல் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்தார்.

"யாரத் தேடிக்கினு கீற பாப்பா? ஊர்ல ஒரு பெருசு போயிடுச்சு. பொணம் எடுக்கற வரைக்கும் எவனும் கடலுக்குப் போவ மாட்டான்."

சார் என்னிடம் திரும்பி, "சரிம்மா, நம்ம நேரம். மத்த நாள்ல எங்க நின்னு பாப்பீங்க?" என்றார். ஏதாவது ஒரு இடத்தைக் காட்டியிருந்தால் போதும். யாரோ ஒரு பெரியவர் செத்து எனக்கு வழிவிட்டிருந்தார். கையைத் தூக்கவும் செய்தேன். எந்தப் பக்கம் நீட்டுவதென்று தெரியவில்லை. "நான் பார்த்ததில்ல சார். எங்க மாமா சொன்னதை எழுதினேன்" என்றேன். அவர் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"பார்த்ததை எழுதத்தாம்மா எனக்கு ஆள் வேணும். பார்க்காததை எழுத எங்க ஆபீஸ்லயே பன்னெண்டு பேரு இருக்காங்க."

வேலை போனது. அடுத்த ஞாயிறு நான் தனியாகப் போய் நின்று பார்த்ததில், அந்தக் கரைக்குப் படகுகள் திரும்புவதே எட்டு மணிக்கு மேல்தான் என்று தெரிந்தது; சார் மறுபடி ஏலம் பார்க்க வந்திருப்பார், இறந்த பெரியவர் பின்னால் நான் ஒளிந்திருந்தாலும் என் பொய்க்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆயுசு இருந்திருக்காது.