தட்டிக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள்

பிள்ளைகளே, நூறு வருஷத்துக்கும் முன்னால் அமெரிக்காவில் மாநிலத் தேர்தல் நடந்த விதத்தை நேற்று உங்கள் பாடப் புத்தகத்தில் வாசித்தீர்கள். கட்சிக்கு ஒரு நிறத்தில் சீட்டு. யார் எதைக் கொண்டுபோய்ப் போடுகிறார் என்று வாசலில் நிற்பவனுக்கெல்லாம் தெரியுமாம். என் பெரியப்பா அந்தத் தேசத்தில் பிறந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார்.

சுதந்திரம் வந்த பிறகு முதல் பொதுத் தேர்தல். எனக்கு ஆறு வயது. அப்போது சீட்டில் முத்திரை குத்துவதில்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தகரப் பெட்டி, அதன்மேல் அவர் சின்னம். தட்டி மறைப்புக்குள் போய், வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். எங்கள் ஊரில் இரண்டு பேருக்குப் போட்டி; ஒருவருக்குச் சைக்கிள் சின்னம், மற்றவருக்கு விளக்கு. எங்கள் குடும்பத்து ஓட்டு அத்தனையும் சைக்கிள்காரருக்கு என்று பெரியப்பா வாக்குக் கொடுத்திருந்தார். விளக்குக்காரரோ அம்மா பிறந்த கொடும்பாளூர்ப் பக்கம். பெரியப்பா சந்தேகப்பட அது போதாதா?

பெரியப்பா என்னைத் தனியே கூப்பிட்டார்.

“ஒங்காத்தா கூடவே உள்ள போ. எந்தப் பெட்டியில போடுறான்னு பாத்து வந்து சொல்லு. மாத்திப் போட்டிருந்தா, ஒன் மாமன் கல்யாணத்துக்கு இங்கிட்டிருந்து ஒருத்தரும் போகப் போறதில்ல.”

அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு போனேன். தட்டிக்குப் பின்னால் போனதும், மை வைத்த விரலோடு அம்மா என் கண்ணைப் பொத்திவிட்டாள். சீட்டு விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

வெளியே வந்ததும் என் நெற்றியில் ஒட்டியிருந்த மையைப் பெரியப்பா பார்த்தார்.

“கண்ணைப் பொத்துனவ நம்ம பெட்டியிலயா போட்டிருப்பா?” என்று அப்பாவைக் கேட்டார். அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா பெரியப்பாவிடம் நேராகப் பேசுகிற வழக்கமில்லை. வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது, அவர் காதில் விழும்படி மாட்டிடம் சொன்னாள்:

“எல்லாரும் பாக்கணும்னா, அந்தத் தட்டிய எதுக்கு வச்சாகளாம்?”

சைக்கிள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கல்யாணத்துக்குப் போயிருக்கலாம். பொய்யோ மெய்யோ, யார் கண்டது? அம்மா கடைசிவரை சொல்லவில்லை. கூடப்பிறந்தவன் கல்யாணத்தன்று களத்துமேட்டில் நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. விளக்கில்தான் போட்டிருப்பாள் என்று நானும் சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

அன்று மத்தியானம் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் யாரும் இல்லை. இரண்டு தகர டப்பாக்களை எடுத்து, கரியால் ஒன்றில் சைக்கிளும் ஒன்றில் விளக்கும் வரைந்தேன். அம்மா செய்த மாதிரியே ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, மறு கையால் காகிதத் துண்டை முதலில் இதில் போட்டேன், பிறகு அதில் போட்டேன். இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டன. கண்ணைத் திறக்காமல், மறுபடியும் போட்டுப் பார்த்தேன்.