ஆணி முறிந்தது, அம்மன் காத்திருந்தாள்

இடுப்பில் வைத்த ஆணி உடைந்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது, இனி நடக்கவே மாட்டேன் என்று குழந்தை மாதிரி அழுதேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் ஃபிட்டர். அறுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மழையில் கொரட்டூர் ஸ்டேஷன் படியில் வழுக்கி விழுந்தேன். இடுப்பையொட்டித் தொடை எலும்பு முறிந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் எலும்புக்குள் எஃகு ஆணி வைத்துச் சேர்த்தார்கள். நான்கு மாதம் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

நான் கேட்டேனா? ஆபரேஷனுக்கு முன்பே எங்கள் தெரு அம்மனிடம், நூற்றெட்டு சுற்று சுற்றுவதாக நேர்ந்துகொண்டிருந்தேன். தள்ளிப்போட்டால் தெய்வக் குற்றம் என்று பயம். போதாததற்கு, இரும்பு வேலைக்காரனுக்கு எஃகின் மேல் அத்தனை நம்பிக்கை! தை வெள்ளியன்று அக்குள் கட்டைகளைக் கோயில் வாசலில் சாத்திவிட்டு நடந்தேன். இருபதாவது சுற்றில் உள்ளே ‘டக்’கென்றது. அப்படியே விழுந்தேன்.

“இன்னாய்யா இது? ஆத்தா உன்னாண்ட வந்து இப்பவே சுத்துன்னு கேட்டாளா?” என்று என் மனைவி ருக்மணி திட்டிக்கொண்டே அழுதாள்.

டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். “நீ ஃபிட்டர்தானே? கம்பியை மாத்தி மாத்தி வளைச்சா என்ன ஆகும்?”

“ஒடிஞ்சிடும் சார்.”

“எலும்பு கூடுற வரைக்கும் தாங்கிப் பிடிக்கத்தான்பா ஆணி.”

வேறு ஆணி வைத்தார்கள். இந்த முறையாவது எலும்பு கூடுமா என்று அவராலும் உறுதி சொல்ல முடியவில்லை. நான் எதுவும் நேர்ந்துகொள்ளவில்லை. “தாயே, அவசரப்பட்டது நான்தான். எலும்பைக் கூட்டி வை. எனக்குப் பொறுமையைக் கொடு” என்று மட்டும் தினமும் வேண்டினேன்.

பாக்கிச் சுற்றுக்குப் பரிகாரம் கேட்கப் பூசாரியிடம் ருக்மணி போனாள். “அவ எங்கம்மா போயிடப்போறா? இங்கதானே கீறா. எலும்பு கூடட்டும், வரச்சொல்லு” என்றாராம். அதைக் கேட்டதும் நெஞ்சில் இருந்த பாரமே இறங்கிவிட்டது.

ஐந்து மாதம் அந்தக் கால் தரையில் படவில்லை. ஆடியில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர் சிரித்தார். “கூடிடுச்சுப்பா. மெதுவா நட.”

என் தாய் கைவிடவில்லை! ஆடி வெள்ளியன்று முதலிலிருந்து தொடங்கினேன், ஒரு நாளைக்கு ஒரே சுற்று. நூற்றெட்டு முடிந்த மறுநாளும் சாயங்காலம் செருப்பை மாட்டினேன்.

“அதான் முடிஞ்சிபோச்சே, எங்கய்யா கெளம்பிட்டே?” என்றாள் ருக்மணி.

“நடக்க முடியுதே, அதான்” என்றேன். பல வருஷம் ஆகியும் அந்தச் சுற்று நிற்கவில்லை.

கஷ்டத்தில் இருப்பவர்களே, அம்மனிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள். டாக்டர் பேச்சையும் கேளுங்கள். கொரட்டூர் பக்கம் வந்தால் எங்கள் தெருவுக்கும் வாருங்கள். உங்களோடு நானும் ஒரு சுற்று நடக்கிறேன்.