பதினோராவது காற்றாடி

“பதினொண்ணு. மூணு,” என்றார் சித்தப்பா.

“மூணு என்ன சித்தப்பா?”

“மூணு உசிரு. எழுதிக்கோ.”

“படிவத்துல உசிருன்னு போட முடியாது. என்ன பறவை, எந்த நிலையில கிடந்துச்சுன்னு கேக்குது.”

“ஏரிக்கு வர்ற உள்ளான். ரெண்டுக்கு இறக்கை போயிடுச்சு. ஒண்ணு தூங்குற மாதிரி கிடந்துச்சு.”

“தூங்குற மாதிரின்னா எழுதறது?”

“எழுதேன். அதுதானே நிலை?”

அடுக்களையிலிருந்து சித்தி குரல் கொடுத்தாள். “சாப்பிடற மேஜையில பிணத்தை எண்ணாதீங்க. உன் சித்தப்பா கையைக் கழுவினாரான்னு முதல்ல கேளு.”

“ரெண்டு தடவை கழுவிட்டேன். இனிமே தோலைத்தான் உரிக்கணும்.”

நான் ஆங்கிலத்தில் ‘வெளிக்காயம் இல்லை’ என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார். அந்த எழுத்து அவருக்குத் தெரியாது.

“தூங்குற மாதிரின்னு போட்டியா?”

“போட்டேன் சித்தப்பா.”

இப்படித்தான் படிவம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. குன்றின் முதுகில் இருபத்திரண்டு காற்றாலைகள் நின்றன. எல்லாரும் அவற்றைக் காற்றாடி என்றே சொல்வார்கள். தினமும் ஒவ்வொன்றின் அடியிலும் தேடி, சுழலும் இறக்கையில் அடிபட்டு விழுந்த பறவைகளை எண்ணுவது சித்தப்பாவின் வேலை. அதற்கென்று ஒரு கயிறு வைத்திருந்தார். ஐந்து தப்படிக்கு ஒரு முடிச்சு. ஒரு முனையைக் கம்பத்தின் அடியில் கட்டிவிட்டு, முதல் முடிச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று, இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு சுற்று என்று வட்டம் வட்டமாக நடப்பார். “என்னண்ணே, செக்கு சுத்தியாச்சா? இன்னிக்கு எத்தனை டம்ளர் எண்ணெய்?” என்று மெக்கானிக்குகள் கேலி செய்வார்கள். “உன் தலையைக் குடுத்தா ஒரு சொட்டு வருதான்னு பாக்கறேன்,” என்பார்.

காற்றாடிகளின் மேல் அவருக்கு வெறுப்பு இருந்ததே இல்லை. அதற்கு முன் பதினாறு வருடம் நிலக்கரி மின்நிலையத்தில் சாம்பல் அள்ளியவர். அந்தச் சாம்பலில் பாதி தன் நெஞ்சுக்குள்தான் இருக்கிறது என்பார். குன்றில் முதல் கம்பம் எழுந்தபோது, வேலை கேட்டு முதல் ஆளாகப் போய் நின்றார். “புகையே இல்லாம கரண்ட்டு! இதைப் போய் யாராவது குறை சொல்வாங்களா?” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்பார்.

பதினோராவது மட்டும் தவறான இடத்தில் நின்றது. குளிர்காலத்தின் இரண்டு மாதமும் ஏரிக்குப் போகும் பறவைக் கூட்டம் விடியற்காலையில் குன்றின் அந்தத் தாழ்வான இடைவெளியில்தான் நுழையும். அந்த இரண்டு மாதம், விடியும்போது ஒன்றரை மணி நேரம் அதை நிறுத்திவைத்தால் போதும். சித்தப்பா கேட்டது அவ்வளவுதான். மேலாளரும் மறுக்கவில்லை. பருவம் முடியும் வாரத்தில் வெளியிலிருந்து ஓர் ஆய்வுக் குழு வரும், அவர்கள் கணக்கும் சித்தப்பாவின் கணக்கும் ஒத்துப்போனால் அடுத்த வருடம் நிறுத்திவிடலாம் என்றார். ஒரே நிபந்தனை: குழு வருவதற்கு மூன்று நாள் முன்பிருந்து விழுந்து கிடக்கும் எதையும் யாரும் தொடக்கூடாது. தொட்டால் வேலை போகும்.

குழு வருவதற்கு முந்தின நாள் மதியம், முழங்கை வரை மண்ணோடு சித்தப்பா வீட்டுக்கு வந்தார். நேரே குளிக்கப் போனார்.

குழு மூன்று நாள் தேடியது. பருவத்தின் கடைசிப் பறவைக் கூட்டமும் அதற்குள் ஏரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பதினொன்றின் அடியில் ஒன்றுகூட இல்லை. சித்தப்பா இதுவரை கொடுத்த கணக்கெல்லாம் பொய்யா என்று மேலாளர் எழுத்தில் விளக்கம் கேட்டார்.

அன்று மாலை சித்தப்பா மேஜையில் என் எதிரே உட்கார்ந்தார்.

“பத்தொன்பது இருந்துச்சும்மா. நான்தான் புதைச்சேன்.”

சித்தி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றாள். “உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?”

“சாம்பல் குழியில விழுந்து செத்தானே என் கூட்டாளி, அவனை அதிகாரி வந்து பாக்கற வரைக்கும் வெயில்ல போட்டு வெச்சிருந்தாங்க. ஆறு மணி நேரம். தொடக்கூடாதுன்னாங்க. நானும் தொடாம நின்னேன். இன்னொரு தடவை என்னால முடியலை.” பிறகு என்னிடம், “வடக்குப் பக்கம், மூணாவது முடிச்சு. தோண்டினா கிடைக்கும். அதை எழுதிடு,” என்றார்.

சித்தி என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

நான் எழுதினேன். நரிகள் இழுத்துப் போயிருக்கலாம் என்று, நல்ல ஆங்கிலத்தில், பிழையில்லாமல். சித்தப்பா அதன் அடியில் கையெழுத்துப் போட்டு, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் வேலை தப்பியது. யாரும் மண்வெட்டியோடு குன்றுக்கு வரவில்லை. “தோண்டிப் பாக்காமலா இருப்பாங்க?” என்று சில வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். உண்மையைச் சொல்லியும் தன்னை யாரும் நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டார். அப்படி இல்லை என்று சொல்ல எனக்குப் பல நாள் கிடைத்தது. சொல்லவில்லை.

அடுத்த குளிர்காலம் வந்தபோது அவர் மருத்துவமனையில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். அங்கேதான் அவர் என்னிடம் கடைசியாக ஒன்று கேட்டார். மறுநாள் விடியும்போது நான் குன்றின் அடிவாரத்தில் நின்றேன். பதினொன்று சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, “நிக்குது சித்தப்பா,” என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, தலையை மெல்ல ஆட்டினார். அந்த வாரத்திலேயே இறந்துபோனார்.

அவர் கேட்டது இதுதான்:

“காலையில ஒரு நடை போய்ப் பாத்துட்டு வர்றியாம்மா? பதினொண்ணு நிக்குதா, சுத்துதா? பாத்ததை அப்படியே வந்து சொல்லு. எனக்காகன்னு எதையும் மாத்திச் சொல்லாதே.”