சித்தி தூங்கக் கட்டிய கொட்டாய்

பெண்டாட்டி பகலில் தூங்க வேண்டும் என்பதற்காக மட்டும் ஒரு மனிதர் கொட்டாய் கட்டினார் என்றால், அவர் என் சித்தப்பாவாகத்தான் இருக்க முடியும். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில், பப்பாளி மரத்துக்குப் பின்னால், மூன்று மாதம் மெனக்கெட்டுக் கட்டினார். எனக்கு அப்போது எட்டு வயது. அதைவிடப் பெரிய அதிசயத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

சித்திக்கு ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் காண்டிராக்ட் வேலை. நைட் ஷிஃப்ட் வாரங்களில் காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கண் சொருகும். ஆனால் எங்கள் வீட்டில் பகலில் தூங்குவது நடக்கிற காரியமா? இருந்தது ஒரே கூடம். அதில் நான், டிவி, அம்மாவின் மிக்சி. போதாததற்கு, பக்கத்து மனையில் புது வீட்டுக்கு டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் பல் கூசும். சித்தி காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, துப்பட்டாவால் முகத்தை மூடிப் படுத்துப் பார்ப்பாள். அரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். கம்பெனி லைனில் வேலை செய்தபடியே இரண்டு முறை கண்ணசந்துவிட்டாள். இன்னொரு தடவை தூங்கினால் மறுநாள் பஸ் ஏற வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

சித்தப்பா அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் சொன்னதைக் கேட்ட வாரமே காயலான் கடையிலிருந்து பலகைகளைக் கொண்டுவந்து இறக்க ஆரம்பித்தார். கப்பலில் மிஷின் வந்த பெட்டிகளைப் பிரித்தெடுத்த பலகைகள். ஒரு புது விதமான பிசின் வாசனை அவற்றில் வீசும். ஏதேதோ நாட்டு எழுத்துகளும், மழையில் நனையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லும் குடைப் படமும் அச்சடித்திருக்கும். குடை போட்ட பலகையில் மழை இறங்கவே இறங்காது என்பது என் நம்பிக்கை. அந்தப் பக்கத்தை வெளியே வைக்கச் சொன்னேன். மனிதர் மறு பேச்சில்லாமல் வைத்தார்.

சுவர் இரட்டைச் சுவர். நடுவில் நெல் உமியைக் கொட்டிக் கெட்டிப்படுத்தினார். உள்பக்கம் முழுக்க பாக்கிங் ஸ்பான்ஜ் ஒட்டினார். தகரக் கூரைக்கு மேல் தென்னங்கீற்று வேய்ந்தார், மழை பெய்தாலும் சத்தம் கேட்கக் கூடாதாம். கதவு மெத்தை கனத்துக்கு இருந்தது. தாழ்ப்பாள் உள்ளே மட்டும். ஜன்னலே கிடையாது. "கோழி கூட இதுல தங்காதுடா" என்று அப்பா கிண்டல் செய்தார். சித்தப்பா இரண்டு பிளாஸ்டிக் குழாய்களை எடுத்து, வளைவுகள் மாட்டி, பாம்பு மாதிரி நெளித்துச் சுவருக்குள் விட்டார். நான் எதற்கென்று கேட்டேன்.

"காத்து வளைஞ்சு வந்துடும். வெளிச்சத்துக்கு வளையத் தெரியாது" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்கு இப்படி ஒன்றைச் சொல்லித் தந்ததில்லை.

வேலை முடிந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். சித்தி அதற்குள் வேலைக்குப் போய்விட்டாள். சித்தப்பா என்னை உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்தினார். டைல்ஸ் மிஷின் நின்றுபோனது. லாரி ஹாரன் இல்லை, நாய் இல்லை, அம்மா இல்லை. கையை முகத்துக்கு நேரே நீட்டினேன், கை தெரியவில்லை. என் மூச்சு எனக்கே கேட்டது. வல்லக்கோட்டைக் கோயிலில் திரை போட்டிருக்கும்போது உள்ளே என்ன நடக்கிறதோ என்று நிற்போமே, அப்படி நின்றேன். கிண்டல் செய்த அப்பாவும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. விடிந்ததும் விடியாததுமாக ஓடிப்போய் உள்ளே நுழைந்து தாழ்ப்பாள் போட்டேன். சித்திக்கென்று விரித்திருந்த புதுப் பாயில் ஒரே ஒரு நிமிஷம் படுத்துப் பார்க்கலாம் என்றுதான் படுத்தேன்.

பிறகு வெளியே நடந்ததெல்லாம் அம்மா சொல்லித் தெரியும். என்னைக் காணோம் என்று தெருவெல்லாம் தேடியிருக்கிறார்கள். கொட்டாய்க் கதவு உள்ளே தாழிட்டிருப்பதைப் பார்த்து இடித்திருக்கிறார்கள், கத்தியிருக்கிறார்கள். சித்தப்பாவின் வேலை சுத்தமான வேலை. ஒரு சத்தமும் உள்ளே வரவில்லை. அந்த நேரத்தில்தான் சித்தி பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருக்கிறாள். குழாயில் காதை வைத்துக் கேட்டிருக்கிறாள். என் மூச்சு வந்ததாம். சித்தப்பா கடப்பாறையை எடுக்க, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுங்க. புள்ள தூங்கினு கீது."

"அந்தக் கொயாய்ல வாய வெச்சு கூப்டு, எழுந்துக்கும். நீ இன்னிக்கு ஓ.டி.க்கு வேற சீக்கிரமே போவணும்" என்றாளாம் அம்மா.

"வேணாங்க்கா. தூக்கத்துல எழுப்புனா எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும். தானா எழுந்துக்கட்டும்."

சித்தப்பாவும் அப்பாவும் வேலைக்குப் போனார்கள். அம்மாவும் ஹாஸ்டல் சமையலுக்குப் போய்விட்டாள். சித்தி கதவடியில் உட்கார்ந்திருந்தாள்.

நான் கண் விழித்தபோது மணி மூன்று. தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் தள்ளினேன், திறக்கவில்லை. யாரோ சாய்ந்திருந்தார்கள். இன்னொரு தள்ளு தள்ளியதும் சித்தி எழுந்து வழிவிட்டாள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. பக்கத்து மனையில் டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள எப்டி கீது?" என்று கேட்டாள். அவள் அதுவரை உள்ளே காலே வைக்கவில்லை.

கேட்டதுதான் தாமதம், அவளைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். கை மறைந்துபோனது, மூச்சு கேட்டது, கனவுகூட வராமல் தூங்கியது, ஒன்றையும் விடவில்லை. குழாய்க் காற்று எப்படி வளைந்து வருகிறது என்ற இடத்துக்கு வந்தபோது அவள் தலை என் தோளில் சாய்ந்தது. எனக்கு வந்ததே கோபம். இவ்வளவு சுவாரசியமாக ஒருத்தி சொல்லிக்கொண்டிருக்கும்போது தூங்குவதா? தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"முயிச்சினுதான் கீறேன் கண்ணு. சொல்லு" என்றாள்.

முதலிலிருந்து சொன்னேன். முடித்தபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் காலை வந்தவளுக்கு அம்மா டீ கொடுத்தாள். ஒரு வாய் வைத்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். முந்தின ராத்திரி லைனில் தூக்கம் வந்தபோதெல்லாம் உள்கன்னத்தைப் பல்லால் கடித்துக் கடித்தே அவள் வேலையைக் காப்பாற்றிக்கொண்டாள் என்பது நான் வளர்ந்து பெரியவளான பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு டீ சூடு என்று நினைத்தேன். டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கி, ஊதி ஊதி ஆற்றிக் கொடுத்தேன்.